பிளேட்டா கம்பியா

தியேட்டரில் இன்னும் ஒரு கேஸ் பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் யோசித்து வையுங்கள், பிளேட்டா நெயிலா என்று சொல்லிவிட்டு டாக்டர் ஜுனைதா படியேறிப் போய்விட்டார். அம்பலவாணன் தாழ்வாரத்து இரும்பு நாற்காலியில், கழுத்திலிருந்து தொங்கிய நீலப் பைக்குள் இடது கையைப் போட்டுக்கொண்டு, மடியில் எக்ஸ்ரே உறையோடு உட்கார்ந்திருந்தான். யோசிக்க என்ன இருக்கிறது. உங்கள் முறிவுக்கு இரண்டுமே ஒத்துவரும் என்றார். பிளேட் வைத்தால் வெட்டு நீளம், தழும்பு தெரியும், கீழே கொஞ்சம் மரத்துப்போகும், ஆனால் எலும்பு அன்றைக்கே உறுதியாக நிற்கும், கையைச் சீக்கிரம் தூக்கலாம். நெயில் என்றால் எலும்பின் உள்ளே ஒரு மெல்லிய கம்பி, சின்ன ஓட்டை, தையல்கூட நாலைந்துதான், ஆனால் எலும்பு தானாகக் கூடும்வரை பாரம் ஏற்றக் கூடாது. பிறகு ஒன்று சொன்னார், மற்றதெல்லாம் காதோடு போக அது மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. "ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தீங்கன்னா ரெண்டுக்கும் பெருசா வித்தியாசமே இருக்காது சார். எல்லா வித்தியாசமும் ஆரம்பத்துலதான்." ஆரம்பத்தில்தான். ஒரு வருஷம் கழித்து இரண்டும் ஒன்று என்றால் ஒரு வருஷம் உள்ளவனுக்குக் கவலையில்லை. ஆரம்பம் மட்டுமே உள்ளவன் என்ன செய்வான். கனம் தூக்குகிற வேலை ஏதும் உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றான். அவ்வளவு சுலபமாக வந்தது அந்த இல்லை, இமிக்ரேஷன் கவுண்டரில் சொல்வதுபோல. அவர் தலையசைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். இல்லை என்று குறித்திருப்பார்.

உறையிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒற்றைக் கையால் பிடித்ததில் படம் வளைந்து நடுங்கியது, எலும்பும் சேர்ந்து நடுங்கியது. சாக்பீஸை ஒடித்து இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல இருந்தது. காறையெலும்பு, காறை என்றால் கழுத்தில் போடுகிற நகை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தான், காலையில் தமிழ், மதியம் பிரெஞ்சு, காரைக்காலில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே இதே எலும்புக்கு மதியத்தில் கிளாவிக்குல் என்று பெயர், சின்னச் சாவி என்று அர்த்தம் சொன்னார் மதியத்து வாத்தியார். காலையில் கழுத்து நகை, மதியத்தில் சாவி. ஒரே எலும்பை ஒருத்தர் பூட்டுகிறார், ஒருத்தர் திறக்கிறார் என்று அன்றைக்கு அவனுக்கு ஒரே சிரிப்பு. இன்றைக்கு வலித்தது. சிரித்தால் வலித்தது, இருமினால் வலித்தது, மூச்சை ஆழமாக இழுத்தால் உடைந்த முனை தோலை உள்ளிருந்து தூக்கியது, பந்தல் துணியைக் கால் தூக்குகிற மாதிரி. அப்பாவும் இப்போது ஆழமாக மூச்சு இழுப்பதில்லை. சின்னச் சின்னதாக, கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி, கொஞ்சம் இழுத்து, மேலே பார்த்து, கொஞ்சம் இழுத்து. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே மாதிரி மூச்சுவிடப் போகிறோம் என்று நினைத்தான், நினைத்ததும் படத்தை உறைக்குள் தள்ளினான்.

பிளேட்டும் தெரியும், நெயிலும் தெரியும். அதைத்தான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, நான் அறுவை சிகிச்சை நிபுணனா. லியோன் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கருவி கழுவினவன். மேலே தியேட்டரில் யார் யாரை வெட்டினார்கள் என்று அவன் பார்த்ததில்லை, அவனிடம் வந்தது ரத்தம் காய்ந்த பெட்டிகள். கழுவு, பூதக்கண்ணாடியில் பார், வரிசைப்படி அடுக்கு, நீலத் துணியில் மடி, நாடா ஒட்டு, கொதிநீராவிக்குள் தள்ளு. நாடாவின் கோடுகள் கறுத்தால் சுத்தம். தோள் பெட்டி இரண்டு இருந்தது. ஒன்றில் பிளேட்டுகள், இடதுக்கு வேறு வலதுக்கு வேறு, பாம்புக்குட்டி நெளிந்த மாதிரி லேசான வளைவு, ஓட்டை ஓட்டையாக, பக்கத்தில் திருகாணிகள் உயரப்படி நின்றன, கொலுப்படியில் பொம்மை அடுக்கியதுபோல. மற்றதில் கம்பிகள், குடைக்கம்பியைவிடக் கொஞ்சம் தடிமன், நுனி மட்டும் வளைந்தது. விரலால் வளைத்தால் வளையும், விட்டால் நேராகும். மேலேயிருந்து சிலநாள் இரண்டு பெட்டியையும் கேட்பார்கள், உடம்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள் போல. சாயங்காலம் ஒன்று ரத்தத்தோடு இறங்கிவரும். மற்றது மடிப்புக் கலையாமல், நாடா பிரியாமல் அப்படியே வரும். திறக்காத பெட்டியை அலமாரியில் திரும்ப வைக்கும்போது அவனுக்கு எப்போதும் ஒரு சங்கடம். நடக்காமல் போன ஒன்றை இவ்வளவு சுத்தமாக மடித்து வைக்கிறோமே என்று. அந்த உலோகம் எந்த உடம்பில் போய் உட்கார்ந்தது, அந்த உடம்பு அந்தத் தோளால் என்ன செய்தது, பையை மாட்டியதா, பிள்ளையைத் தூக்கியதா, ஒருநாள்கூட யோசித்ததில்லை. இப்போது யோசி என்கிறார்கள்.

"யோசிச்சியா அண்ணே?" என்று சேது வந்து நின்றான், இரண்டு கையிலும் டீ. சித்தப்பா மகன், துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி, காலையில் அம்பலவாணன் விழுந்த செய்தி கேட்டுச் சட்டை மாற்றாமல் ஸ்கூட்டரில் ஓடிவந்தவன், இன்னும் அவனிடமிருந்து மீனும் அமோனியாவும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது. அம்பலவாணன் டீயை வாங்கி வலது கையில் பிடித்துக்கொண்டான். "என்னத்த யோசிக்கிறது. பிளேட்டு போட்டா உள்ளுக்குள்ள தகடு அடிச்ச மாதிரி. கம்பி போட்டா காங்கிரீட்டு மாதிரி. எங்க கம்பெனியில பைப்பு ஒடைஞ்சா ரெண்டும் போடுவோம், ரெண்டும் ஒழுவும்" என்றான் சேது. "நீ ஒரு பெரிய டாக்டர்" என்றான் அம்பலவாணன். "பாரிஸ்ல பனியில வழுக்காத மனுசன், வீட்டுக் கொல்லையில பாசியில வழுக்கிட்டியே, வெளிய சொல்லாத, வெள்ளக்காரன் சிரிப்பான்." பாரிஸ் இல்லை, லியோன். எத்தனை தடவை சொன்னாலும் சேதுவுக்கு அந்த நாடே பாரிஸ்தான். "செடிக்குத் தண்ணி ஊத்த ஓஸ் இருக்குல்ல, எதுக்குக் கொடத்தத் தூக்குன?" அம்பலவாணன் டீயைக் குடித்தான். சூடு நாக்கில் பட்டது, அதுவும் நல்லதுக்குத்தான், பதில் சொல்ல வேண்டாம். சேது பக்கத்து நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். "கொடம்னாலே நம்ம குடும்பத்துக்கு ஆவாது அண்ணே. பெரியம்மாவுக்கு நான் கீழ போட்டேன் பாரு, அதுலேருந்து கடைத்தெருவுல எனக்கு எவனும் டீ கிளாஸக் கையில குடுக்கிறதில்ல. டேபிள்ல வெச்சுட்டு, 'மெதுவா எடு சேது'ங்கிறான்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் பல் மட்டும் கொஞ்சநேரம் வெளியே இருந்தது. "அடுத்ததுக்கு நீ இருக்க. எனக்கு அந்தப் பயம் வுட்டுப்போச்சு" என்றான். அடுத்தது என்று சொன்னது காதில் விழுந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் பால் குடிக்காத பிள்ளைகளுக்கான சுண்ணாம்புச்சத்து மாவு விளம்பரம், அதை இருவரும் வாசித்தார்கள். பிறகு சேதுவின் போன் அடித்தது, ஐஸ் வண்டி வரவில்லை என்று எவனோ கத்தினான், சேதுவும் கத்திக்கொண்டே, டீயோடு வாசல்பக்கம் போனான்.

அம்மாவுக்கு. அம்மாவுக்கு இவன் இருக்கவில்லை. போன் வந்தது, நிலவறையில் போன் எடுக்காது, வேலை முடிந்து மேலே வந்து பார்த்தால் அப்பா கூப்பிட்டிருந்தார், திரும்பக் கூப்பிட்டான். பஸ் நிறுத்தத்தில் பனி தூறிக்கொண்டிருந்தது. அப்பா மெதுவாகப் பேசினார். "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. அவசரம் ஒண்ணுமில்ல. பொறுமையா வா. நான் இருக்கேன்." எவ்வளவு நிதானமான குரல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஜிபூத்தி மணலில் பல வருஷம் கிடந்து பென்ஷனோடு வந்த சொல்தா அவர், தெருவில் சைக்கிள் இடித்துக்கொண்டாலும் கத்துகிற மனிதர், சாதத்தில் கல் இருந்தால் வீடு அதிரும். அந்தக் குரல் அன்றைக்கு ஏன் அவ்வளவு தணிந்திருந்தது என்று பஸ் நிறுத்தத்தில் நின்றவனுக்கு உறைக்கவில்லை. அவர் பொறுமையாக வா என்றார், அவன் பொறுமையாக வந்தான். மாற்று ஆள் கிடைக்கிறவரை வேலை பார்த்தான், அம்மாவுக்குப் பிடித்த வாசனை சோப்பு வாங்கினான். வந்து இறங்கியபோது வாசலில் சாணி தெளித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டியில் சோப்பு மணத்தது. அம்மா சொம்பில் இருந்தாள், வாயில் சிவப்புத் துணி கட்டி. சுடுகாட்டில் கொள்ளிக்குடம் சுற்றியதைப் பிறகு யார் யாரோ சொன்னார்கள். சேது இடது தோளில் குடத்தை வைத்து முதல் சுற்று வந்தான், அரிவாள் நுனியால் ஓட்டை போட்டார்கள், தண்ணீர் முதுகில் பீய்ச்சியதும் சில்லிட்டு உடம்பு குலுங்கி, இரண்டாவது சுற்றில் கால் வைக்கும் முன்னே குடம் முன்பக்கமாகவே விழுந்து அம்மாவின் கால்மாட்டில் நொறுங்கியது. மூன்று சுற்று முடிந்து திரும்பிப் பார்க்காமல் முதுகுப்பக்கம் விடவேண்டிய குடம். சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்களாம். அப்பா மட்டும் குனிந்து, ஓடுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கி, ம், ஆவட்டும், என்றாராம். ஆகட்டும். அந்த ஆகட்டும் சேதுவுக்குச் சொன்னதா, அம்மாவுக்கா, அல்லது எங்கோ ஆகாயத்தில் சோப்புப் பெட்டியோடு வந்துகொண்டிருந்த இவனுக்கா. கேட்டதில்லை. அப்பாவிடம் கேட்காதவை எத்தனையோ, இது அதில் ஒன்று, இப்போது கேட்கலாமென்றால் அவருக்கு நாக்கு புரள்வதில்லை. வலதுபக்கம் முழுக்க விழுந்து, வாய் கோணி, சொல்வதெல்லாம் கூழாக வருகிறது. பார்த்துக்கொள்கிற அற்புதமேரிக்குத்தான் அந்தக் கூழ் புரியும். மகனுக்குப் புரியாதது அவளுக்குப் புரிகிறது, அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறோம், அதனால் புரிகிறது என்று ஒருநாள் கெட்ட புத்தியில் நினைத்தான். இல்லை, அவள் அவர் வாய்ப்பக்கமாகக் குனிகிறாள், அதனால் புரிகிறது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னப்பா என்னப்பா என்கிறேன்.

அப்பா விழுந்த பிறகுதான் மொத்தமாக வந்தான். மனைவி வனிதா மகளோடு அங்கேயே இருந்துவிட்டாள், அது வேறு கதை, அதில் சண்டைகூட இல்லை. வந்தவனுக்கு வீட்டில் வேலை எதுவும் இல்லை. குளிப்பாட்ட மேரி, மருந்துக்கு மேரி, புரட்டிப் படுக்கவைக்க மேரி. அவனுக்கென்று இருந்தது ஒரே வேலை, அது இன்னும் வரவில்லை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். தோளில் குடத்தை வைத்து அவன் எப்போது நடந்தான் வாழ்க்கையில், குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிற ஊரில் பாதி ஆயுள் போனவன். சேதுவாவது ஐஸ் தூக்குகிறவன், அவனுக்கே நழுவியது. அப்படித்தான் ஒருநாள், மேரி அப்பாவைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு முடித்த முற்பகலில், அடுப்படியிலிருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி, யாரும் பார்க்காத கொல்லையில், துவைக்கிற கல்லைச் சுற்றி இடப்பக்கமாக நடந்து பார்த்தான். முதல்நாள் கல்லைத் தாண்டவில்லை. கழுத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றே தெரியவில்லை. அடுத்தநாள் கொஞ்சம் வந்தது. குடத்தின் வாயை விரல்கள் பிடித்துக்கொள்ள, அதன் வயிறு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருந்த குழியில் வந்து உட்கார்ந்தது, அந்தக் குழியை அதற்காகவே வைத்திருந்தாற்போல. பிறகு தினமும். உள்ளே ஆக்ஸிஜன் மிஷின் குறட்டை விடும், வெளியே இவன் சுற்றுவான். உயிரோடு படுத்திருக்கிற மனிதரின் ஜன்னலுக்குப் பின்னால் அவருடைய குடத்தைச் சுமந்து ஒத்திகை பார்க்கிறாயே, நீ மனிதனா என்று ஒரு குரல். நல்லபடியாகச் செய்யத்தானே என்று ஒரு குரல். நல்லபடியாகச் செய்ய ஆசைப்படுகிறவன் அது சீக்கிரம் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறானா. பரீட்சைக்குப் படித்துத் தயாரானவனுக்குப் பரீட்சை தள்ளிப்போனால் கடுப்பு வருமே, அந்தக் கடுப்பு ஒருநாள் வந்தது, அப்பா அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார், இரண்டு இட்லி, மேரி சந்தோஷமாக வந்து சொன்னாள், இவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சலித்துக்கொண்டது. கடுகளவுதான், கண்சிமிட்டும் நேரம்தான், ஆனால் சலித்துக்கொண்டது. அதற்குத்தான் பாசி. அப்படி நினைக்கக் கூடாது, பாசி மழைக்கு வந்தது. காலையில் மூன்றாவது சுற்றில் குதிகால் வழுக்கி, குடத்தை விடக்கூடாது விடக்கூடாது என்று மூளை கத்த, கையை ஊன்றாமல் குடத்தையே கட்டிக்கொண்டு தோள் கல்லில் மோத விழுந்தான். முருங்கைக் கிளை முறிகிற சத்தம். குடம் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. தண்ணீர் மட்டும் ஜன்னலைப் பார்த்து ஓடியது. மேரி ஓடிவந்து, "என்னா சார், என்னா பண்ணுனீங்க" என்று தன் துண்டை அவிழ்த்துக் கையைக் கட்டினாள். செடிக்குத் தண்ணீர் என்றான். கொல்லையில் செடி என்று சொல்ல ஒரு வாழைதான் நின்றது, அதுவும் குழாயடியில்.

இப்போது அதே தோள். இடது. வேறு எலும்பா கிடைக்கவில்லை உடம்பில். எதை எடுத்தாலும் ஒரு வருஷம் கழித்து இரண்டும் ஒன்றுதான், ஆனால் அந்த வருஷத்தை அப்பாவின் நுரையீரல் தருமா. தராது என்று நம்புகிறவன் பிளேட் கேட்பான். உறுதியாக, உடனே, வெட்டு நீண்டாலும் பரவாயில்லை, கூடிய சீக்கிரம் ஒரு குடம் தாங்கினால் போதும். தரும் என்று நம்புகிறவன் கம்பி கேட்பான், சின்ன ஓட்டையோடு, எலும்பு தன்பாட்டுக்குக் கூடட்டும், நாளிருக்கிறது என்று. அப்படியென்றால் அந்த டாக்டர் என்னிடம் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை. உன் அப்பா எப்போது போவார் என்று நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போயிருக்கிறார். பிளேட் என்று வாயால் சொன்னால் அப்பாவுக்கு நாள் குறித்த மாதிரி. வாய்ச்சொல்லுக்கு அப்படி ஒன்றும் சக்தி கிடையாது, இருபது வருஷம் நீராவியில் கிருமி சாகிறதா என்று நாடாவின் கோட்டைப் பார்த்தவன் நீ. இருந்தாலும் சொல்ல வரவில்லை. கம்பி என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு, அடுத்த வாரமே அது வந்தால், கழுத்தில் நீலப் பையோடு சுடுகாட்டு மேட்டில் ஓரமாக நின்று, மறுபடி சேது, மறுபடி அந்தத் தோள், முதுகில் தண்ணீர் பீய்ச்சும்போது அவன் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு. இந்தத் தடவை ஆகட்டும் என்று சொல்லவும் ஆள் இருக்காது. பிளேட்டிலும் ஒன்று இருக்கிறது. தோலுக்கு அடியிலேயே உட்காரும், பை மாட்டினால் உறுத்தும் என்றார் டாக்டர். குடத்தின் வயிறு சரியாக அதன்மேல்தான் உட்காரும். மண், அதன்கீழ் தோல், அதன்கீழ் டைட்டானியம், அதன்கீழ் உடைந்த சாவி. ஒவ்வொரு எட்டுக்கும் உள்ளே ஒரு சத்தம் கேட்குமோ, மற்றவர்களுக்குக் கேட்காமல், எனக்கு மட்டும். கேட்கட்டும். எந்த ஊர்ப் பெட்டியிலிருந்து வரும் அது, யார் கழுவி அடுக்கினது, நாடா ஒழுங்காகக் கறுத்ததா. மயக்கம் கொடுத்து, நான் எழுந்திருக்காமல் போனால்? அப்போது அப்பா உள்ளே மிஷினோடு படுத்திருக்க, மகனுக்கு யார் குடம். சிரிப்பு வந்தது, தோள் வலித்தது. சாவதற்கும் வரிசை இருக்கிறது, அதிலும் நான் இடையில் புகுந்துவிடக் கூடாது.

போன் அதிர்ந்தது. மேரி. டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு எடுப்பதற்குள் நின்றுவிடுமோ என்று பதறினான், அப்படித்தான் வந்துவிட்டதோ, யோசிக்க யோசிக்கவே, கம்பிக்கும் பிளேட்டுக்கும் நடுவில். "சார், ஒண்ணும் பயப்படாதீங்க, அய்யா நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் மேரி எடுத்ததுமே, அவளுக்குத் தெரியும், இந்த வீட்டுப் போனை எடுக்கிறவர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்று. "காலைலேருந்து ஒரே தொந்தரவு சார், அதையே திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க, நான் என்னா சொல்றதுன்னு தெரியாம ஒங்களுக்குப் போட்டேன்." "என்ன கேக்குறார்?" "கொடம் ஒடைஞ்சிச்சான்னு கேக்குறாங்க சார்." தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுப் போனது, அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவளே பேசினாள். "நான் சொன்னேன், அய்யா, புள்ளைக்கு எலும்பு ஒடைஞ்சிருக்கு, நீங்க கொடத்தக் கேக்குறீங்களேன்னு. மண்டைய ஆட்டுறாங்க. கொடம், கொடம்ங்கிறாங்க." "அவருக்கு எப்படித் தெரியும்?" "ஜன்னல் தொறந்துதான சார் இருக்கு. குளிச்சு முடிச்சதும் அந்தக் கதவத் தொறந்து வுடு, தலகாணியத் தூக்கி வையின்னு தெனம் கேப்பாங்களே. காத்துக்குன்னு நெனச்சேன்." தினமும். முதல்நாளிலிருந்தா. கழுத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் நின்றதையும் பார்த்தாரா. வலது தோளில் வைத்துவிட்டு, இல்லை இல்லை என்று மாற்றியதை. கல்லைச் சுற்றிச் சுற்றி வந்த தன் மகனை, ஒரு பட்டாளத்துக்காரர் தலையணையில் சாய்ந்து, பயிற்சி மைதானத்தைப் பார்ப்பதுபோலத் தினமும் பார்த்திருக்கிறார், ஒன்றும் சொல்லாமல். "ஒடையலன்னு சொல்லுங்க மேரி. பிளாஸ்டிக் குடம், ஒடையாது." அவள் போனைப் பிடித்தபடியே குனிந்தது தெரிந்தது, சேலை உரசும் சத்தம், மிஷினின் குறட்டை, பிறகு அந்தக் கூழ், நீளமாக, நிதானமாக. நடுவில் மூச்சு வாங்க நின்றது. மறுபடி வந்தது. "சார், அய்யா சொல்றாங்க." "என்ன?" "அவசரம் ஒண்ணுமில்லியாம். பொறுமையா வரச் சொல்றாங்க. நான் இருக்கேன்னு சொல்லச் சொல்றாங்க சார்."

சரி என்றான். சரி என்று சொன்னதாகத்தான் ஞாபகம். போன் கையிலேயே இருந்தது. சொல் மாறவில்லை, வரிசைகூட மாறவில்லை, நாக்கு மட்டும்தான் கோணியிருந்தது. வெளியே பனி எதுவும் இல்லை, காரைக்கால் வெயில் கண்ணாடிக் கதவில் வெள்ளையாக அடித்தது, ஆனால் பஸ் நிறுத்தத்து ஈரம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. கல் இருந்தால் கத்துவார், சைக்கிள் இடித்தால் கத்துவார், ஒரேயொரு விஷயத்துக்குத்தான் அந்தக் குரலைத் தணிப்பார். பட்டாளத்தில் அப்படிப் பழக்கியிருப்பார்களோ என்னவோ, குண்டு விழுகிற நேரத்தில் மெதுவாகப் பேசு, பையன்கள் பதறக் கூடாது. பையன் பதறவில்லை. பையன் போய்ச் சோப்பு வாங்கினான். இருக்கேன் என்கிறார், அவர் சொன்னால் இருப்பார் என்று நம்பிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது, கம்பி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அவர் வாய்ப்பக்கமாகக் குனிந்து, கம்பிதாம்பா, நாளிருக்கு, என்று சொல்லிவிட. ஒரு நல்ல மகன் அப்படித்தான் சொல்லுவான். அப்பாவும் அதைத்தான் எதிர்பார்க்கிறார், அவன் நம்பிவிட்டதாகக் காட்டிக்கொள்வதை, ஒருவேளை அது அவருக்கு இன்னும் கொஞ்சம் மூச்சாகக்கூட இருக்கும். அதைத் தரமுடியவில்லையே என்றிருந்தது. ஒருமுறை நம்பியாகிவிட்டது. கம்பி என்ற சொல்லை, திறக்காத அந்தப் பெட்டியை மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைக்கிற மாதிரி, எடுத்து வைத்தான்.

சேது திரும்பி வந்து உட்கார்ந்தான், ஐஸ் வண்டி பிரச்சினை தீர்ந்த முகத்தோடு, கிளாஸில் மிச்ச டீயோடு. அவன் பின்னாலேயே படியில் செருப்புச் சத்தம். டாக்டர் ஜுனைதா, பச்சைத் தொப்பி கழற்றாமல், முகக்கவசம் தாடையில் தொங்க, களைத்துப்போய் வந்தார். "என்ன சார், முடிவு பண்ணீங்களா?" அம்பலவாணன் எழுந்திருக்கப் பார்த்தான், வலித்தது, உட்கார்ந்தபடியே சொன்னான். "பிளேட் வைங்க டாக்டர்." "தழும்பு பரவாயில்லையா? நெயில்னா பார்வைக்கு நல்லாருக்கும், உங்களுக்கு அது ஒத்துவரும்னுதான் நானும் நெனச்சேன். கனம் தூக்குற வேலை இல்லன்னீங்களே." "பரவாயில்ல. சீக்கிரம் வேணும்." "சீக்கிரம்னா? பிளேட் வெச்சாலும் உடனே எதையும் தூக்க விடமாட்டேன் நான். அப்படி எதத் தூக்கணும்?" சுண்ணாம்புச்சத்து விளம்பரத்துப் பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தது. "ஒரு குடம் தண்ணி" என்றான் அம்பலவாணன். "இந்தத் தோள்ல. கொஞ்ச தூரம் நடக்கணும், அவ்வளவுதான்." டாக்டர் அவனை வேடிக்கையாகப் பார்த்தார். "ஏன் சார், வீட்டுல மோட்டார் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, சிரித்தபடி, நர்ஸைக் கூப்பிடத் திரும்பினார். பக்கத்தில் சேது சிரிக்கவில்லை. அவன் அண்ணனின் தோளைப் பார்த்தான், நீலப் பையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்த டீ கிளாஸை, அதில் இனிக் குடிக்க ஒன்றுமில்லை என்றாலும், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.